முப்பது அசைக்கு ஒரு கதிரை

ஸ்பிரிங்வேல்
10 நவம்பர் 2024

அன்புள்ள வேதா அக்கா,

உங்களுக்குக் கடிதம் எழுத எனக்கு முகமில்லை. உங்களுடைய பதினொரு மெசேஜுக்கும் பதில் போடாமல் இருந்துவிட்டு, இரண்டு மாதம் கழித்துத் தபாலில் வந்து கதவைத் தட்டுகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள். போனில் என்றால் எழுத எழுத அழித்துவிடுகிறேன். தாளில் வெட்டினால் வெட்டியதாவது தெரியும்.

வெல்ஷ் சங்கத்தின் செய்திமடல் வெள்ளிக்கிழமை வந்தது. அம்மாதான் உறையை உடைத்தா. குசினி மேசையில் விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டா.

"பிள்ளை, இஞ்ச வா. இது ஆர்?"

முதல் பக்கத்தில் நீங்கள். ஊதா அங்கி போட்டுக் கதிரையில் இருக்கிறீர்கள். தலைக்கு மேலே இரண்டு பேர் மரவாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கீழே தடித்த எழுத்தில், 'இந்த ஆண்டின் கதிரைக் கவிஞர், ராகவி விக்னராஜா.'

"பேர் உன்ர. ஆள் நீயில்லை," என்றா அம்மா.

"அச்சுப் பிழை, அம்மா."

"முகத்தையுமோ பிழையா அச்சடிச்சவங்கள்?"

நாலு வருஷம் புதன்கிழமை வெல்ஷ் வகுப்பில் சங்கச் செயலாளர் க்ளெனிஸ் உங்களை ராகவி என்றும் என்னை வேதா என்றும் கூப்பிட்டபோது நாங்கள் மேசைக்குக் கீழே காலைத் தட்டிச் சிரித்தோம். உங்களுக்கு என்னைவிடப் பதினாறு வயது கூட, ஒரு சாண் உயரமும் கூட. அவருக்கு இரண்டு பேரும் ஒன்றுதான். அது இப்போது அச்சில் ஏறிவிட்டது.

செப்டம்பர் பதினாலாம் திகதி சங்கத்தின் கவிதைப் போட்டி மண்டபத்தில் நடந்ததை நான் இருந்த இடத்திலிருந்து சொல்கிறேன். நடுவர் என் கவிதையை வெல்ஷில் வாசித்தார். பிறகு அதன் பொருளை இங்கிலீஷில் சொன்னார். வந்த பத்தொன்பது கவிதைகளில் இதற்குத்தான் முதல் பரிசான மரக்கதிரை என்றார். வழக்கப்படி எழுதியவரின் பெயர் அவருக்குத் தெரியாது, புனைபெயர் மட்டும்தான். "பயணி எழுந்து நிற்கட்டும். பயணி மட்டும்." அது நான் என்று அந்த மண்டபத்தில் தெரிந்தவர்கள் இரண்டு பேர். நீங்கள் முழங்கையால் மூன்று தரம் இடித்தீர்கள். நான் எழும்பவில்லை. நீங்கள் எழும்பினீர்கள். வெளிச்சம் உங்கள் மேல் விழுந்தது, எக்காளம் ஊதினார்கள். நான் மற்றப் பக்கத்தால் நாலு பேருடைய முழங்காலைத் தாண்டிப் பக்கக் கதவால் வெளியே போய் ரயில் ஏறிவிட்டேன்.

நீங்கள் என் கவிதையை எடுத்துக்கொண்டதாக நான் ஒருநாளும் நினைக்கவில்லை. இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். என் கோபம் வேறு. அன்றைக்கு அப்பா மண்டப வாசலில் நின்றார். மீன்கடை ரப்பர் சப்பாத்தோடு நின்றார். அவருக்குச் சொன்னது நீங்கள்தானே? என்னைக் கேட்டிருக்கலாம்.

படமும் பெயரும் அப்படியே இருக்கட்டும். க்ளெனிஸிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். எனக்கு இது வசதியாகத்தான் இருக்கிறது.

ராகவி

*

வெஸ்ட்மீட், சிட்னி
19 நவம்பர் 2024

ராகவி,

'அன்புள்ள' போடலை, கவனிச்சியா? கோபம் போனப்புறம் போடறேன்.

நான் ஏன் எழுந்தேன்னு உனக்கு நிஜமாவே தெரியாதா? நீ உள்பக்கம், நான் நடைவழி ஓரம். நீ மேடைக்குப் போகணும்னா நான் எழுந்து வழி விடணும். கல்யாண மண்டபத்துல, தியேட்டர்ல, பொறந்ததிலேர்ந்து அதைத்தானே செய்யறோம்? எழுந்தேன். புடவையை ஒதுக்கிண்டு, "போடி"ன்னேன். அவ்வளவுதான். மூஞ்சியில லைட்டு. வெள்ளை அங்கி போட்ட ரெண்டு பேர் வந்து ஆளுக்கொரு முழங்கையைப் பிடிச்சுண்டாங்க. "நான் இல்லைங்க, நான் இல்லை"ங்கறேன். அந்தம்மா என் கையைத் தட்டிக் கொடுத்து, "ஜெயிக்கறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க, கண்ணு"ன்னு சிரிக்கறா. உன்னைக் காட்டலாம்னு திரும்பினா உன் சீட்டு காலி. யாரைக் காட்டறது, சொல்லு?

உட்கார வெச்சு, தலைக்கு மேல வாளை உருவி, "சமாதானம் உண்டா?"ன்னு மூணு தடவை கேட்டாங்க. மொத்த ஹாலும் "சமாதானம்!"னு கத்தித்து. எனக்கு எங்கேர்ந்து சமாதானம்? அப்புறம் க்ளெனிஸ் உன் சீல் வெச்ச கவரைப் பிரிச்சு, உள்ளே பேரைப் பார்த்துட்டு என் கையைக் குலுக்கினா. "சபாஷ், ராகவி!" நாலு வருஷமா தப்பாவே கூப்பிட்டவ, அன்னைக்குத் தப்பு இல்லாம கூப்பிட்டதா நெனச்சுண்டா பாவம்.

அந்த நாற்காலி இப்போ என் ஃப்ளாட் ஹால்ல இருக்கு. வேலை மாத்திண்டு சிட்னி வந்தப்போ மத்த சாமானோட அதுவும் லாரியில வந்துடுத்து. நான் நாற்காலிங்கறேன், நீ கதிரைங்கறே, வெல்ஷ்காரங்க கதைர்ங்கறாங்க. பேருகூட உங்க ரெண்டு பேருக்கும்தான் ஒட்டறது. எங்காத்துக்காரர் செந்தில் ஒருநாள் ஆபீஸ் பையை அது மேல வெச்சுட்டார். நான் போட்ட சத்தத்துல மனுஷன் இப்போ அந்தப் பக்கமே போறதில்லை.

உங்கப்பா விஷயத்துக்கு வர்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். முட்டை வாடையே ஆகாத நான், மூக்கைப் பொத்திண்டு ஸ்பிரிங்வேல் மீன் கடைக்குள்ள போனேன். "உங்க பொண்ணு போட்டிக்குக் கவிதை கொடுத்திருக்கா, தெரியுமா?"ன்னேன். கத்தியைக் கீழே வெச்சார்.

"என்ன பாஷையில?"

"வெல்ஷ்."

"அது எங்க கதைக்கிறது?"

இங்கிலாந்துக்குப் பக்கத்துல வேல்ஸ்னு ஒரு குட்டி நாட்டுலன்னு சொன்னேன். சனிக்கிழமை எத்தனை மணிக்குன்னு ரெண்டு தடவை கேட்டுண்டார். இதுல என்ன குத்தம்? அப்பா வந்தா பொண்ணு ஓடுவாளா?

இதையும் கேட்டுக்கோ. ஜனவரி முப்பத்தொண்ணுக்குள்ள சங்கம் போடற விழா மலருக்கு எல்லாம் போயாகணும். கவிதை, இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு, கவிஞர் படம். மார்ச் ஒண்ணாம் தேதி விழாவுல கவிஞர் மேடையேறி வாசிக்கணும். அன்னைக்கும் நான் போய் நிக்கணுமா? காரணம் சொல்லு, சும்மா இருக்கேன். சொல்லலைன்னா க்ளெனிஸுக்கு நானே எழுதிடுவேன்.

வேதவல்லி

*

ஸ்பிரிங்வேல்
1 டிசம்பர் 2024

அன்புள்ள வேதா அக்கா,

காரணத்தைச் சொல்கிறேன். அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறா. அதனால் மேசையிலேயே இருந்து எழுதலாம்.

செவிப்புலன் படிப்பில் கடைசி வருஷம், வீட்டிலே ஒருவருக்குச் சோதனை செய்து கொண்டுவரச் சொன்னார்கள். அப்பா வந்து இருந்தார். காதுகளில் ஹெட்போன். சத்தம் கேட்டால் பொத்தானை அமத்தவேண்டும். வலது காது நல்லாயிருந்தது. இடது காதும் அதைவிட நல்லாயிருந்தது. ஒன்றையும் தவறவிடவில்லை. அப்படி ஒரு மனிதக் காது இல்லை, அக்கா. பிறகுதான் கண்டேன். அவர் கண் என் கையில் இருந்தது. நான் விரலை அசைக்கும்போது அவர் அமத்துகிறார். என் கை தெரியாதபடி திரையைத் திருப்பி வைத்து, வலது காதுக்கு இரைச்சல் விட்டு மூடி, மறுபடி செய்தேன். இடது பக்கம் முழுக்க வெறுமை. நான் ஆகக்கூடிய சத்தம் வரைக்கும் போனேன். அவர் சிரித்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"அம்மாவுக்குச் சொல்லாதை," என்றார்.

ஊரில் யுத்தத்தின்போது, ஷெல் விழுந்த நாளில் நாங்கள் பதுங்குகுழிக்கு ஓடிவிட்டோம். என் பள்ளிக்கூடப் பை வீட்டில் கிடந்தது. பிறப்புப் பத்திரம், ரிப்போர்ட் எல்லாம் அதற்குள். அம்மாதான் அப்பாவைத் திரும்பிப் போய் எடுத்துவரச் சொன்னவ. பையோடு வரும்போதுதான் பக்கத்தில் ஒன்று விழுந்து இடது காதை அடைத்தது. ஆஸ்திரேலியாவுக்கு வந்த பிறகு, காது சுகமாகிவிட்டது என்று அம்மாவுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். தான் அனுப்பியதால்தான் காது ஒரேயடியாகப் போனது என்று அவ அறியக்கூடாதாம். நான் வாக்குக் கொடுத்தேன்.

அன்றைக்கு இன்னொன்றும் விளங்கியது. இங்கே சாரதி வலது பக்கம், பக்கத்து ஆள் இடது பக்கம். பத்து வயதிலிருந்து நான் அப்பாவின் வானில் அந்தப் பக்கம்தான் இருக்கிறேன். பள்ளிக்கூடம், யூனிவர்சிட்டி, வேலைக்கான இன்டர்வியூ. நான் கதைத்துக்கொண்டே வருவேன், அவர் தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டுவார். வான் ஓட்டும்போது கதைக்காத மனிசன் என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்தக் கவிதை இதுதான். நீங்கள் பிழை பார்த்துத் தந்தபோது யாரோ ஒரு பயணியைப் பற்றியது என்று நினைத்தீர்கள், நானும் அப்படியே விட்டேன். தமிழில் இதை நான் எழுதவே மாட்டேன். தமிழில் எழுதினால் அம்மா வாசிப்பா. இங்கிலீஷில் எழுதினால் நான் வேலை செய்யும் காதுக் கிளினிக்கில் வாசிப்பார்கள். எங்லின் என்கிற வெல்ஷ் பாவுக்கு நாலு வரி, முப்பது அசை. வரியின் முன்பாதியில் வந்த மெய்யெழுத்துகள் அதே ஒழுங்கில் பின்பாதியிலும் வந்து பதில் சொல்லவேண்டும். எதற்கு எது பதில் என்று தேடித் தேடி ஒன்பது மாதம் போனது. அந்த வேலையில் எனக்கு வெட்கப்பட நேரமில்லை. எழுதி முடித்த பிறகுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்று கண்டேன்.

கிளினிக்குக்கு வருகிறவர்களுக்கும் முதலில் போவது மெய்யெழுத்துத்தான், அக்கா. மற்றவர் கதைப்பது கேட்கும், சொல் விளங்காது. அப்படி விளங்காத இடத்தில்தான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன். நடுவர் இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினார். அப்பா வாசலில் நிற்கிறார். எந்தக் காது மேடைப் பக்கம் இருந்தது என்று என்னால் பார்க்க முடியவில்லை. நான் எழும்பினால், வாக்கை முறித்தவள் நான்தான் என்று அவருக்குக் காட்டியதாகிவிடும். அதனால்தான் இருந்தேன்.

அவர் கேட்டாரோ இல்லையோ எனக்குத் தெரியாது. இரண்டு மாதமாக வீட்டில் அவர் என்னோடு தேவைக்குத்தான் கதைக்கிறார். நானும் கேட்கவில்லை.

ராகவி

*

வெஸ்ட்மீட்
12 டிசம்பர் 2024

அன்புள்ள ராகவி,

போட்டுட்டேன் பார்.

உன் கடிதத்தை நாலு தடவை படிச்சேன். கடைசித் தடவை செந்தில், "யாருக்காவது உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டார். க்ளெனிஸுக்கு எழுதலை. எழுதவும் மாட்டேன். ஆனா உன்கிட்ட நான் மறைச்சது ஒண்ணு இருக்கு. உங்கப்பா சொல்ல வேண்டாம்னார். அதோட, உன் மேல இருந்த கோபத்துல நானும் சொல்லாம இருந்தேன். நீ எப்படியோ தவிச்சுக்கோன்னு விட்டேன். தப்புதான்.

அன்னைக்கு எல்லாம் முடிஞ்சு நான் அந்த மர நாற்காலியை இழுத்துண்டு கார் நிறுத்தத்துக்கு வந்தேன். கையில தூக்க முடியலை, கருங்கல்லு மாதிரி கனம். உங்கப்பா அங்கே நின்னுண்டிருந்தார். ஒண்ணும் கேட்காம அதை வாங்கித் தூக்கி என் கார்ல ஏத்தினார். டிக்கி மூடலைன்னு அவர் வேன்லேர்ந்து கயிறு எடுத்துண்டு வந்து கட்டினார். நான் பக்கத்துல நின்னு என்னென்னவோ பேசிண்டே இருக்கேன். அப்போ சொன்னார், "தங்கச்சி, அந்தப் பக்கம் நிண்டு கதையாதேங்கோ. எனக்கு அந்தக் காது இல்லை." சாதாரணமா, மழை வரப்போறதுன்னு சொல்ற மாதிரி. எனக்கு அது ரகசியம்னே தெரியாது. இந்தப் பக்கம் வந்தேன், அவ்வளவுதான்.

அப்புறம் கேட்டார். "அது பிள்ளை எழுதினதுதானே?"

ஆமாம்னேன். நான் எழுந்தது எப்படின்னும் சொன்னேன். சிரிக்கலை.

"அந்த ஐயா இங்கிலீஷில சொன்னது எனக்குப் பாதிதான் வந்தது. என்ன எழுதியிருக்கிறா?"

"ஏதோ வண்டியில போற ஒரு பயணியைப் பத்தி"ன்னேன்.

கயிறை இன்னொரு தடவை இறுக்கினார். "எங்கட வானோ?"ன்னார். எனக்குத் தெரியலைன்னேன். அப்போ நிஜமாவே தெரியாது.

இப்போ உட்கார்ந்துண்டு இதைக் கேட்டுக்கோ. கிளம்பும்போது சொன்னார், "பிள்ளை என்னைக் கண்டவ. கண்டுட்டுத்தான் போனவ. நான் உடுப்பு மாத்திப்போட்டு வந்திருக்க வேணும். மீன் மணம்." நான் அதெல்லாம் இல்லைங்கன்னேன். "ஓம், ஓம்"னுட்டு, "நான் இங்க நிண்டதை அவவுக்குச் சொல்லவேண்டாம்"னுட்டுப் போனார்.

நீ அவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாத்தறதா நெனச்சு உட்கார்ந்திருந்தே. அவர், உனக்குத் தன்னால வெட்கம்னு நெனச்சுண்டிருக்கார். ரெண்டு பேரும் ஒரே வீட்டுல.

இன்னொண்ணும் சொல்லிடறேன், உன் முகத்தைப் பார்க்காம சொல்ல இதுதான் சௌகரியம். அந்த நாற்காலியில உட்கார்ந்தப்போ, முதல் நிமிஷம் பதட்டம். ரெண்டாவது நிமிஷம் பிடிச்சிருந்தது. இறங்கணும்னு தோணலை. என் கவிதை பதினஞ்சாவது இடத்துல இருந்தது. நடுவர் குறிப்புல, 'இக்கவிஞரின் காது பகரத்தையும் பகரத்தையும் பிரித்தறியவில்லை' மாதிரி ஏதோ எழுதியிருந்தார். இங்கிலீஷ் p, b ரெண்டும் நமக்கு ஒரே எழுத்துதானே ஐயா, நான் என்ன பண்றது? உனக்கு மட்டும் எப்படிக் கேக்கறதுன்னு நாலு வருஷமா எனக்குப் பொறாமை. அது கொஞ்சம் அந்த நாற்காலியில உட்கார்ந்துடுத்து.

எனக்குப் பதில் எழுதாதே. அவர்கிட்ட போய்ப் பேசு.

வேதா

*

ஸ்பிரிங்வேல்
5 ஜனவரி 2025

அன்புள்ள வேதா அக்கா,

எழுதாதே என்றீர்கள். பேசிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நத்தாருக்கு முதல் நாள், டிசம்பர் இருபத்துநாலு, மீன் எடுக்க அப்பாவோடு மார்க்கெட்டுக்குப் போனேன். விடியற்காலை. வழமைபோல இடது பக்கம் ஏறினேன். வானுக்குள் இதைக் கதைக்க வழியில்லை. பாதி வழியில் பெட்ரோல் செட் ஒன்றைக் கண்டு, நிப்பாட்டச் சொல்லிக் கையைக் காட்டினேன். இறங்கிச் சுற்றிப்போய் அவருடைய கதவடியில் நின்றேன். அவர் கண்ணாடியை இறக்கினார்.

"உங்களைக் கண்டு வெட்கப்பட்டு ஓடேல்லை, அப்பா."

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உனக்கு ஆர் சொன்னது?"

"வேதா அக்கா."

"அந்தத் தங்கச்சிக்கு வாய் நிக்காது," என்றார். பிறகு, "அப்ப ஏன் எழும்பேல்லை?"

சொன்னேன். சோதனை, வாக்கு, வான், முப்பது அசை, எல்லாம். பின்னுக்கு ஒருவன் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தான். அப்பா கையை வெளியே போட்டு அவனைச் சுற்றிப் போகச் சொன்னார்.

"ஒருத்தருக்கும் விளங்காத பாஷையில சொன்னா வாக்கு முறியாது, பிள்ளை," என்றார். "ஆனா கதிரை குடுக்குமளவுக்கு அதை வடிவாச் சொல்லியிருக்கக் கூடாது."

சிரித்தேன். அவரும். பிறகு, புத்தகத்தில் இங்கிலீஷில் வருமோ என்று கேட்டார். ஓம் என்றேன். அம்மாவுக்கு அதை யாராவது காட்டுவார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவருக்கு வேண்டாம் என்றால் எடுத்துவிடச் சொல்கிறேன், கதிரையும் வேண்டாம் என்றேன். அவர் எஞ்சினை நிறுத்தினார்.

"அம்மாவுக்கு நான் சொல்லுறன். நீ சொல்லாதை."

பன்னிரண்டு நாளாகிறது. இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் சாப்பிட இருக்கும்போது தொண்டையைச் செருமுகிறார், உப்பைக் கேட்கிறார்.

ராகவி

*

வெஸ்ட்மீட்
15 ஜனவரி 2025

அன்புள்ள ராகவி,

நேத்துப் பொங்கல் பொங்கித்து, பாதி அடுப்புலதான்.

என் வாய் நிக்காதுன்னார் இல்லையா? சரியாத்தான் சொன்னார். இந்தத் தடவை யாருக்கும் போன் பண்ண மாட்டேன், எந்தக் கடைக்கும் போக மாட்டேன். க்ளெனிஸ் எனக்கு ரெண்டு மெயில் அனுப்பிட்டா, 'அன்புள்ள ராகவி'ன்னு. 'இதைப் பத்தி ஜனவரி கடைசிக்குள்ள தெரியும்'னு மட்டும் பதில் போட்டேன். பேர் எழுதாம.

உங்கப்பா சொல்லாம போனா, நீ கவிதையைத் திரும்ப வாங்கிக்கோ. அதுவும் சரிதான். நாற்காலியை நானே கொண்டுவந்து திருப்பிக் கொடுத்துடறேன். சொல்லிட்டார்னா, மார்ச் ஒண்ணு சனிக்கிழமை. நான் டிக்கெட் இன்னும் எடுக்கலை. உன் வார்த்தைக்காகக் காத்துண்டிருக்கேன்.

வேதா

*

ஸ்பிரிங்வேல்
27 ஜனவரி 2025

அன்புள்ள வேதா அக்கா,

சொல்லிவிட்டார்.

பத்தொன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. அம்மா புட்டு அவித்துக்கொண்டு நின்றவ. அப்பா குசினி வாசலில் நின்று, ஒரு முன்னுரையும் இல்லாமல், "எனக்கு இடது காது அண்டைக்கே போட்டுது. திரும்பி வரேல்லை," என்றார். நான் மேசையில் இருந்தேன். 

அம்மா அழப்போகிறா என்று நினைத்தேன். நாங்கள் இரண்டு பேரும் இவ்வளவு காலம் பயந்தது அதற்குத்தான். அம்மா அடுப்பை நிப்பாட்டினா. அகப்பையோடு திரும்பினா.

"அப்ப படுக்கையில நான் இவ்வளவு வருஷமா ஆரோட கதைச்சனான்?"

அப்பா வாசலை விட்டு ஓரடி பின்வாங்கினார்.

"நான் படுக்கிறது உங்கட இடப்பக்கம். என்ர அக்காவின்ர சீதனப் பிரச்சினை முழுக்கச் சொன்னனான். வீட்டு லோனைப் பற்றிச் சொன்னனான். எல்லாத்துக்கும் 'ம்' எண்டனீங்கள்!"

"கேட்டமாதிரி இருந்தது," என்றார் அப்பா.

அம்மா அகப்பையை ஓங்கினா. பிறகு கதிரையில் இருந்தா. அதற்குப் பிறகுதான் அழுதா. நான் நினைத்த அழுகை இல்லை. பையை எடுக்கப் போகச் சொன்னதைத் தான் ஒரு நாளும் மறக்கவில்லை என்றா. காது முழுதாகச் சுகமோ என்ற சந்தேகம் இருந்தும் அப்பா சொன்னதை நம்பியதாகக் காட்டிக்கொண்டதும் அவதானாம், ஒன்றுமே கேட்காது என்று மட்டும் நினைக்கவில்லையாம். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்ற பயமாம். ஆளுக்காள் மறைத்து மறைத்து மூன்று பேரும் ஒரே விஷயத்தைச் சுமந்திருக்கிறோம். அன்று பின்னேரம் அம்மா தலையணையைத் தூக்கிக் கட்டிலின் மற்றப் பக்கம் போட்டா. "இனித் தப்பேலாது," என்றா.

செவ்வாய்க்கிழமை நான் க்ளெனிஸுக்கு எழுதினேன். நாலு வரிதான். பயணி நான்தான், படத்தில் இருப்பவர் என் சிநேகிதி வேதவல்லி, அவர் எனக்கு வழிவிட எழும்பினவர், வேறு ஒரு குற்றமும் செய்யவில்லை. அன்றைக்கே பதில் வந்தது. காலில் விழுந்ததுபோல மன்னிப்புக் கேட்டிருக்கிறா. நாலு வருஷத்துக்கும் சேர்த்து. அடுத்த செய்திமடலில் திருத்தம் வரும். மார்ச் முதலாம் திகதி நான் மேடையில் ஏறி வாசிப்பதாக ஒத்துக்கொண்டேன். எழுதிவிட்டு அதைப் பத்துத் தரம் திரும்ப வாசித்தேன். ஆனால் மெயிலைத் திரும்ப எடுக்கவில்லை.

நீங்கள் எழுதிய அந்தப் பொறாமையைப் பற்றி. நான் அதைச் சங்கடமாக எடுக்கவில்லை, அக்கா. என்னிடம் ஒருவருக்குப் பொறாமை வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. இரண்டு நாள் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

இப்போது நான் இவ்வளவு நேரமும் சொல்லாமல் வைத்திருக்கிற விஷயம்.

அப்பாவும் அம்மாவும் மார்ச்சுக்கு வருகிறார்கள். அப்பா புதுச் சேர்ட் வாங்கிவிட்டார். நேற்று என்னைக் கூப்பிட்டு, "அதில என்னதான் எழுதியிருக்கு? தமிழில சொல்லு," என்றார். நான் சொன்னேன். மகள் வானில் கதைத்துக்கொண்டு போகிறாள், தகப்பனுக்குக் கேட்காது, அவர் தலையாட்டுகிறார், வான் போகிறது. நாலு வசனத்தில் முடிந்தது.

அப்பா மிச்சத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார். "உது எனக்குத் தெரிஞ்ச கதைதானே. இதுக்கோ கதிரை குடுத்தவங்கள்?"

மேசையில் விரலால் தட்டிக் காட்டினேன். இந்தச் சத்தம் இங்கே, அதே சத்தம் அங்கே. வெல்ஷில் ஒருக்கா வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "நல்லாயிருக்கு. மழை தகரத்தில விழுற மாதிரி. ஆனா நான் எங்க இருக்கிறன்?" என்றார்.

நானே தமிழில் செய்து பார்த்தேன். ஒன்பது தாள் கிழித்தேன். தமிழில் 'அப்பா' என்று எழுதின உடனேயே என் கை நிற்கிறது. வெல்ஷில் இருந்த அந்த மறைப்பு இதில் இல்லை.

என் பட்டமளிப்பு நினைவிருக்கிறதா? உங்களுக்குப் படம் காட்டினேன். மூன்று மணித்தியாலம் அவர்கள் அந்த மண்டபத்தில் இருந்தார்கள். அவ்வளவு நேரத்திலும் அவர்களுக்கு விளங்கிய ஒரே சொல் என் பெயர். அதுகூடப் பிழையாகத்தான் வாசித்தார்கள். அம்மா பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துப் பார்த்துக் கை தட்டினா. இன்னொரு தடவை அவர்களை அப்படி ஒரு மண்டபத்தில் இருத்த எனக்கு மனமில்லை. நான் வாசித்து முடித்ததும் என் தாய்மொழியில் வேறொருவர் வாசிக்கலாமா என்று க்ளெனிஸிடம் கேட்டேன். தாராளமாக என்றா.

உங்களுக்கு வெண்பா வரும். தளை தட்டாமல் பேச்சுக்குப் பேச்சு சொல்லுவீர்கள். என் கவிதையின் ஒவ்வொரு சொல்லும் உங்களுக்குத் தெரியும். அப்பாவையும் தெரியும். என்னைவிட உங்களுக்கு வெட்கம் குறைவு. மொழிபெயர்ப்பாக இருக்க வேண்டாம், அக்கா. உங்கள் கவிதையாக இருக்கட்டும், உங்கள் பெயரில், உங்கள் முகத்தோடு.

எனக்காக, அப்பாவை வைத்து, தமிழில் ஒரு வெண்பா எழுதிக்கொண்டு வந்து அன்றைக்கு மேடையில் என்னோடு நின்று சொல்லுவீர்களா?

ராகவி